அருகாமைக்கு மாற்று வீடு உண்டா?

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப் இடித்து அகற்றப்பட்டது. தமிழர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்தக் குடிசைப்பகுதி பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்தது. வடிகாலைத் தூர்வாருவதற்காக அதை அகற்றும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு எண்களைச் சுற்றியே அமைந்தது. குடிசைகள் ஏறத்தாழ 370. அவற்றுள் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என அறிவிக்கப்பட்டவை 189. தகுதி மறுக்கப்பட்டவர்களின் கதி என்ன என்ற கேள்வி முதலில் எழுந்தது நியாயமே. ஆனால் மூன்றாவதாக ஓர் எண்ணும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? இனி பகற்பொழுதில் அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கேம்ப்பில் வாழ்ந்த பெண்களில் பலர் ஜங்புராவிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வீட்டு வேலை செய்தவர்கள். வீட்டு வேலை ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் நடப்பதன்று. காலையில் இரண்டு வீடு, நண்பகலில் ஒரு வீடு, மாலையில் மீண்டும் பாத்திரம். இடையில் கிடைக்கும் அரை மணியிலோ ஒரு மணியிலோ தாய் வீட்டுக்கு ஓடிவந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பாள்; மூத்ததற்குச் சோறு போடுவாள்; பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள். எந்த அரசு ஆவணத்திலும் இது குழந்தைப் பராமரிப்பு என்று பதிவாவதில்லை. ஆயினும் இந்திய நகரங்களின் ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்வது இப்படித்தான். வேலை செய்யும் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான் அந்த ஏற்பாட்டின் மூலதனம். அதற்கு வாடகை கிடையாது, விண்ணப்பம் கிடையாது. அதனாலேயே அது இழக்கப்படும்போது இழப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை.

ஜங்புராவிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பழைய வேலையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பும் பெண் அங்கிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும், திரும்ப இருட்டிவிடும். நடுவில் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துப் போவது என்பது இனி இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் குடிசைக்குத் தகுதி மறுக்கப்பட்டு, மகளின் குடிசைக்குத் தகுதி கிடைத்திருந்தால், பாட்டியும் பேரப்பிள்ளையும் நகரத்தின் இரு முனைகளில் நிற்பார்கள். தகுதியைத் தீர்மானித்தவை வெட்டுத் தேதியும் ஆவணங்களும். அந்த அளவுகோல்களுக்குள் பாட்டிக்கு இடமில்லை.

வடிகால் தூர்வாரப்பட வேண்டியது அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. அடைபட்ட வடிகாலால் மழைக்காலத்தில் அவதிப்பட்டவர்களில் கேம்ப்பில் வாழ்ந்தவர்களும் உண்டு. செங்கல் சுவரும் கழிப்பறையும் கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டை எள்ளி நகையாடவும் யாருக்கும் உரிமையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கையே, குடிசைவாசிகளுக்கு அதே இடத்திலோ 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ வீடு தரப்பட வேண்டும் என்பதைப் பொதுவிதியாகவும், அதற்கு அப்பால் அனுப்புவதை விதிவிலக்காகவும் வைத்திருக்கிறது. அந்த 5 கிலோமீட்டருக்குள் இருப்பது பிழைப்பும் பள்ளியும் மட்டுமன்று. கைக்குழந்தையின் பகற்பொழுதும் அதற்குள்தான் இருக்கிறது. விதிவிலக்கே வழக்கமாகிவிட்ட நிலையில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

சரி, பாட்டி இல்லை, அருகாமை இல்லை. சட்டம் என்ன தருகிறது? குழந்தைகள் காப்பகம் பற்றி இந்தியச் சட்டங்கள் பேசத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கேட்டது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 ஊழியர்கள் என்றது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே 50தான். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டம் மட்டும் சற்றே வேறு வழியில் யோசித்தது. பணியிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. தொழிலாளரை எண்ணாமல் குழந்தையை எண்ணிய விதி அது. மற்றவை யாவும் முதலாளியின் கூரைக்குக் கீழே எத்தனை தலைகள் என்று பார்ப்பவை.

வீட்டுப் பணியாளரின் நிலையை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால் அபத்தம் விளங்கும். அவருக்கு நான்கைந்து முதலாளிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முதலாளியிடமும் வேலை செய்வது அவர் ஒருவர் மட்டுமே. ஒரே குடியிருப்புக் காலனிக்குள் ஒவ்வொரு காலையும் நூறு பெண்கள் நுழைந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு நிறுவனமும் இல்லை. காய்கறி வண்டி தள்ளுபவர், வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர், குப்பை பிரிப்பவர் என எல்லோருக்கும் இதே கணக்குதான். வரம்பைத் தொடாமல் ஒப்பந்ததாரர்களுக்குள் ஆட்களைப் பிரித்துக்காட்டும் கலை தனிக்கதை.

எஞ்சுவது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக வளர்ந்திருக்கிறது. உலகில் இதற்கு இணையான அமைப்புகள் அரிது. அதன் மீதான விமர்சனம் அதை வேண்டாம் என்று சொல்வதற்கானதன்று. ஆனால் அது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு, அது செய்யாததையெல்லாம் செய்வதாக எண்ணிக்கொள்வது ஆய்வுலகிலும் காணப்படும் பழக்கம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கே சூடான உணவும் முன்பருவக் கல்வியும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகும். பொட்டலத்தைப் பிரித்து ஊட்டும் கை வீட்டில் இருக்கிறது என்பது அத்திட்டத்தின் சொல்லப்படாத ஊகம். அந்தக் கை அந்நேரத்தில் இன்னொரு வீட்டின் பாத்திரத்தில் இருக்கிறது.

மூன்று வயதைக் கடந்த பின்னும் கடிகாரம் ஒத்துவருவதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும் அங்கன்வாடியின் நேரம் பெரும்பாலும் முற்பகலோடு முடிந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் தாய் ஒன்பதரை மணிக்குத் திறக்கும் மையத்தில் பிள்ளையை எப்படி விடுவாள்? மதியம் யார் அழைத்து வருவார்? மூத்த பெண்பிள்ளை. எட்டாம் வகுப்பில் அவளது வருகைப் பதிவேட்டில் விழும் இடைவெளிகளைப் பள்ளிக் கல்வித் துறை 'இடைநிற்றல்' என்ற தலைப்பின்கீழ் ஆராய்கிறது. ஒரே வீட்டின் ஒரே சிக்கல் இரண்டு அமைச்சகங்களின் கோப்புகளில் இரண்டு பெயர்களோடு கிடக்கிறது.

காப்பகங்கள் தனியாக இல்லாமல் இல்லை. தேசியக் காப்பகத் திட்டம் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் இயங்கும் மையங்களை நடத்தியது. நிதிப் பகிர்வு முறை மாறியபின் அவற்றின் எண்ணிக்கை பெருமளவு சுருங்கியது. அதன் வாரிசான 'பால்னா' திட்டம் 17,000 அங்கன்வாடி மற்றும் காப்பக மையங்களை இலக்காக அறிவித்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆயினும் 14 லட்சத்தில் 17,000 என்பது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் எண்.

இங்கே 'அங்கன்வாடி' என்ற சொல்லின் பிறப்பையும் நினைவுகூரலாம். கிஜுபாய் பதேக்காவோடு பாவ்நகரில் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மராட்டியக் கடலோரத்துப் போர்டியிலும் பின்னர் கோஸ்பாட் மலையிலும் பழங்குடிக் குழந்தைகளுக்காக மழலையர் பள்ளி நடத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்று கண்டதும், பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே போனார். அங்கன் என்றால் முற்றம். (தமிழில் நிலைத்துவிட்ட 'பால்வாடி'யும் அங்கிருந்து வந்ததே. அதிலுள்ள 'பால்' குழந்தையைக் குறிப்பது. பால் ஊற்றும் இடம் என்று தமிழ்க் காது கேட்டுக்கொண்டதும் ஓர் அழகுதான்.) 1969இல் தில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்த இடத்தில் தொழிலாளரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததே மொபைல் கிரெஷஸ் அமைப்பு. இருவரும் செய்தது ஒன்றே: குழந்தை இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். இன்று தேடும் வேலை தாயின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது.

அந்தத் தேடலின் சுமை சாதாரணமானதன்று. தனியார் பள்ளியின் மழலையர் வகுப்பில் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவுப்படி 25 விழுக்காடு இடம் உண்டு. அதைப் பெற இணையவழி விண்ணப்பம், பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பிறகு குலுக்கல். முன்னுரிமை பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவைப் பொறுத்தது. குடிசை இடிக்கப்பட்ட மறுநாள் இருப்பிடச் சான்று ஒரு வெற்றுக் காகிதம். இத்தகைய குடும்பங்கள் அரசு வசதிகளைப் பயன்படுத்தாததற்கு 'விழிப்புணர்வுக் குறைவு' காரணம் என்று எழுதும் ஆய்வறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. வேலை நேரத்துக்கு ஒவ்வாத ஒரு மையத்தைப் பயன்படுத்தாமலிருப்பது அறியாமை ஆகாது. அந்தத் தாய் போட்ட கணக்கு, ஆய்வாளர் போட்டதைவிடச் சரியானது.

அரசமைப்பும் இதில் குற்றமற்றதன்று. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயதினரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, அதற்குக் கீழுள்ளவர்களை 45ஆவது உறுப்பின் 'முயல வேண்டும்' என்ற சொல்லுக்குள் விட்டுவிட்டது. 21ஏ உறுப்பின் வெற்றி குறித்த பெருமிதத்தில் இந்தப் பிரிப்பு அதிகம் பேசப்படவில்லை.

ஆயினும் கையில் கருவிகள் இல்லாமலில்லை. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள எந்தச் சிற்றூரும் குடிசைப்பகுதியும் கோரினால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தரப்பட வேண்டும். இதை மறுகுடியமர்த்தலோடு இணைப்பதே முதலில் செய்யத்தக்கது. அனுப்பப்படும் இடத்தில் கைக்குழந்தைகளையும் ஏற்று மாலை வரை இயங்கும் ஒரு மையம் திறக்கப்படும்வரை, மறுகுடியமர்த்தல் நிறைவுற்றது என்று எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. கேட்கும் பொறுப்பைக்கூட மக்கள்மேல் வைக்க வேண்டியதில்லை; கணக்கெடுப்பின்போதே குழந்தைகளை எண்ணிவிட முடியும்.

மையத்தின் நேரத்தை நீட்டும் பேச்சு எழுந்தவுடன் அது அங்கன்வாடிப் பணியாளரின் முதுகில் இறக்கிவைக்கப்படும் என்ற அச்சம் நியாயமானது. 2018 முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 'மதிப்பு' என்ற சொல் ஊதியத்துக்கு முன்னால் ஒட்டப்படும்போதெல்லாம் ஊதியம் குறைகிறது. முழுநாள் காப்பகத்துக்கு முழுநேரச் சம்பளத்தில் இரண்டாவது ஆள் வேண்டும். செலவாகும், ஆகட்டும். அந்தச் செலவை இதுவரை எட்டாம் வகுப்புச் சிறுமி தன் படிப்பால் கட்டிவந்திருக்கிறாள்.

வீட்டுப் பணியாளரை அமர்த்தும் காலனிகளும் ஒரு பங்கைத் தர வேண்டும். சமுதாயக் கூடம் இல்லாத காலனி தில்லியில் குறைவு. பகலில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கூடத்தில், உள்ளே வேலை செய்யும் பெண்களின் இருபது குழந்தைகளுக்கு இடம் தருவதற்குப் பாதுகாப்புக் காரணங்களை அடுக்குபவர்கள், அதே பெண்களின் கையில்தான் தங்கள் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு அலுவலகம் போகிறார்கள்.

பல்கலைக்கழகங்களும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கவில்லை. வளாகத்தில் காப்பகம் இருக்குமானால், பேராசிரியர்களின் குழந்தைகளும் சில இடங்களில் ஆய்வு மாணவியரின் குழந்தைகளும் அங்கே இருப்பார்கள். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவருக்கும் அது திறந்திருக்கிறதா என்பதை, பாலினமும் உழைப்பும் பற்றிய கருத்தரங்குகள் கேட்டதாகத் தெரியவில்லை. காப்பகப் பதிவேட்டில் அவர்களுடைய குழந்தைகள் எத்தனை பேர் என்று மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பதற்கு 10 ரூபாய் கட்டணம். பதில் தர 30 நாள் அவகாசம்.