முகத்தை அளக்கும் கோல் யாருடைய கையில்?

பெண்கள் அமைப்பின் ஆங்கிலச் சுற்றறிக்கை ஒன்று சென்ற மாதம் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. அதில் ஒரே ஒரு தொடர் என்னை இரண்டு நாள் நிறுத்தி வைத்தது. இருபது வயது இளைஞர்களின் தாடையை ஒடுக்கியும் கன்னத்தைக் குழித்தும் மூக்கைக் கூராக்கியும் பணம் பண்ணும் தொழிலுக்குக் கிளினிக்குகள் சூட்டியிருக்கும் பெயர் 'ஃபேஷியல் கான்டூரிங்'. இதைத் தமிழில் 'முகச் சீரமைப்பு' என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. சீர்குலைந்ததைத்தானே சீரமைக்க முடியும்? வெள்ளத்தில் உடைந்த ஏரிக்கரையைச் சீரமைக்கிறோம். பழுதற்ற முகத்துக்கு அச்சொல்லைச் சூட்டும்போதே அம்முகம் பழுதுற்றது என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'முக வடிவ மாற்றம்' என்று எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளனின் பிடிவாதம் என்று அலுவலகத் தோழர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சுற்றறிக்கை விவாதத்துக்கு வந்தபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "வேலையின்மை, விலைவாசி, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று தலைக்குமேல் பணி கிடக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் மூக்கைப் பற்றி நமக்கென்ன தோழரே?" கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அந்தக் கேள்விக்கான மறுப்பே இக்கட்டுரை. தலையசைத்தவர்களுள் ஓராண்டுக்கு முன்வரை நானும் ஒருவனாக இருந்திருப்பேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகில் வசிக்கும் தோழர் ஒருவரின் மகள், ஓட்டல் மேலாண்மை படித்தவள், வயது 23. விமான நிறுவனங்களிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் நேர்காணலுக்குப் போய் நான்கு முறை திரும்பி வந்தாள். ஒருநாள் அவள் தாடை இருபுறமும் வீங்கியிருக்கக் கண்டு, பல்வலியா என்று கேட்டேன். மெல்லும் தசையில் ஊசி போட்டுக்கொண்டாளாம். தசை சுருங்கி முகம் ஒடுங்கித் தெரியுமாம். நான் சிரித்துவிட்டேன். "நீ படித்த படிப்புக்கு இந்தப் புத்தியா?" என்றும் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "விண்ணப்பத்தோடு முன்பக்கப் படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று, முழுநீளப் படம் ஒன்று கேட்கிறார்கள் மாமா. மதிப்பெண் பட்டியலைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்றாள். ஊசிக்கான தொகை பன்னிரண்டு மாதத் தவணையில் கடனாகப் பெறப்பட்டது. கடன் படிவத்தைக் கிளினிக்கின் வரவேற்பு மேசையிலேயே நிரப்பித் தந்திருக்கிறார்கள். அவள் தந்தை ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. இவர்தாம் நம் மூத்த தோழர் சொல்லும் 'பணக்கார வீடு'.

வேலையின்மை வேறு, மூக்கு வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. 2023-24 ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, 15 முதல் 29 வயதுவரை உள்ளோரிடையே வேலையின்மை 10.2 விழுக்காடு என்று அரசின் வாயாலேயே கூறுகிறது. பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் சந்தையில், முதலாளிக்குத் தள்ளுபடி செய்யக் காரணங்கள் வேண்டும். முகம் அவற்றுள் மலிவான காரணம். எழுத்தில் தர வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் நிறுவவும் முடியாது. சேவைத் துறையில் தொழிலாளி விற்பது கையின் உழைப்பை மட்டுமன்று; புன்னகையும் தோற்றமும் உழைப்புச் சக்தியோடு சேர்த்தே வாங்கப்படுகின்றன. வாங்குகிறவன் அதற்குரிய விலையைத் தருவதில்லை. முகத்தை 'வேலைக்கு உகந்ததாக' வைத்திருக்கும் செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில், அதுவும் வேலை கிடைப்பதற்கு முன்பே, வட்டியோடு விழுகிறது. 2009 இல், அன்று பொதுத்துறையில் இருந்த ஏர் இந்தியாவே உடல் எடை கூடியது என்று காரணம் காட்டி விமானப் பணிப்பெண்களைப் பணிநீக்கம் செய்தது. பொதுத்துறையே இவ்வாறெனில் தனியார் நிறுவனம் எவ்வாறிருக்கும்?

இனி, விற்கப்படும் சரக்கைப் பார்ப்போம். கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியவும், மோவாய் நீளவும், மூக்குத்தண்டு உயரவும் ஹயலூரோனிக் அமிலம் கொண்ட நிரப்பு ஊசி போடப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை நிற்கும், பிறகு கரைந்துவிடும். தாடையை ஒடுக்கப் பொட்டுலினம் நச்சு; அதன் விளைவு சில மாதங்களே. இரண்டுமே மீண்டும் மீண்டும் வாங்கியாக வேண்டியவை. ஒரு முறை கடன் வாங்கியவர் நிரந்தர வாடிக்கையாளர் ஆகிறார். கன்னத்தின் உட்புறக் கொழுப்பை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சையோ இதற்கு நேர்மாறு. எடுத்தது திரும்பி வராது. இளமைக் கன்னத்தின் திரட்சி வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துவிடும் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த செய்தி. இருபதில் கொழுப்பை வெட்டியெடுத்தவரின் கன்னம் நாற்பதில் ஒட்டிப்போகும் அபாயம் உண்டு. அப்போது அதே கிளினிக் அங்கே நிரப்பு ஊசி போடும்.

ஆபத்துகளை விளம்பரங்கள் 'அரிதானவை' என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. நிரப்பு மருந்து இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்தால் அப்பகுதித் தோல் அழுகும். மூக்கு, நெற்றி ஆகிய இடங்களில் போடும் ஊசியால் கண்பார்வை பறிபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஹயலூரோனிக் நிரப்பியைக் கரைக்கும் மாற்று மருந்து உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உடனே பயன்படுத்தத் தெரிந்த மருத்துவர் அந்த அறையில் இருக்கிறாரா என்பதே கேள்வி. முகத்தோடு நின்றுவிடும் வணிகமும் அல்ல இது. 2022 மே மாதம் பெங்களூரில், கொழுப்பு நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப்பின் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 21.

தம் முகம் பழுதென்று இந்த இளைஞர்களுக்கு யார் சொன்னார்கள்? முதலில் சொன்னது கைப்பேசி. ஓரடி தூரத்தில் பிடித்து எடுக்கும் தற்படத்தில் மூக்கின் அடிப்பகுதி உள்ளதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்பதை அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 2018 இல் வெளியான கணக்கீடு காட்டியது. ஒளியியலின் கோளாறு உடலின் கோளாறாக நம்பப்படுகிறது. கூடவே, மூக்கைச் சுருக்கித் தாடையைக் கூராக்கிக் காட்டும் வடிகட்டிகள் 'நீ இப்படி இருந்திருக்கலாம்' என்று ஆசை காட்டுகின்றன. தம் உடலைப் பற்றி மனம் வாடியிருக்கும் வேளையில் இன்ஸ்டாகிராம் அவ்வாட்டத்தைக் கூட்டுவதாகப் பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் கூறியது, அந்நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. 2021 செப்டம்பரில் அது கசிந்து வெளிவந்தபோதுதான் உலகம் அறிந்தது. அறிந்தே விற்றார்கள்.

ஆனால் கைப்பேசி வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த நாட்டில் மூக்கை அளக்கும் கோல் ஒன்று வந்துவிட்டது. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்து 1891 இல் நூல் வெளியிட்டார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'நாசிக் குறியீடு'. மூக்கு அகல அகலச் சாதியின் படிநிலை தாழும் என்பது அவர் கண்ட 'விதி'. இவரே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சாதிகளைச் சமூக மேல்கீழ் வரிசையில் அடுக்கும் வேலையை அக்கணக்கெடுப்பு செய்தது. அதே மூக்களவுகளை எடுத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் ஒரே இனத்தவரே என்று 1948 இல் வெளியான தம் நூலில் வாதிட்டு, தீண்டாமைக்கு இனவேறுபாடே மூலம் என்ற கொள்கையைத் தகர்த்தார் டாக்டர் அம்பேத்கர். அறிவியல் அரங்கில் ரிஸ்லி தோற்றார். கிளினிக்கின் சுவரில் அவர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறார். 'முன்', 'பின்' என்று ஒட்டப்படும் படங்களைத் தோழர்கள் ஒருமுறை உற்றுப் பாருங்கள். 'முன்' படத்தில் இருக்கும் அகன்ற மூக்கும் தடித்த உதடும் உருண்ட முகமும் நம் உழைக்கும் மக்களின் முகம். ஜார்க்கண்டின் ஆதிவாசியுடையது, வடகிழக்கின் பெண்ணுடையது, தெற்கின் கூலித் தொழிலாளியுடையது. 'பின்' படத்தில் இருப்பது யாருடைய முகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'பொன் விகிதம்' என்று பெயர் சூட்டினாலும் கணக்கு அதே பழைய கணக்கு.

இங்கே இரு தரப்பாருக்கு மறுமொழி கூற வேண்டும். 'என் உடல், என் விருப்பம்' என்பார் தாராளவாதிகள். உடல்மீதான உரிமையை நாம் மறுப்பவரல்லர். அதற்காகத் தெருவில் நின்றவர்கள் நாம். தம் பாலினத்துக்கேற்ற உடலைப் பெற விழையும் திருநர்களின் சிகிச்சை மருத்துவ உரிமை. அதை இவ்வணிகத்தோடு சேர்த்துக் குழப்பலாகாது. ஆனால் நான்கு நேர்காணலில் தள்ளப்பட்ட பிறகு, தவணைக் கடனில், ஐந்தாவது நேர்காணலுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு 'விருப்பம்' என்று பெயரிட்டால், பட்டினிக்கு அஞ்சிப் பன்னிரண்டு மணிநேரம் உழைப்பவனின் இசைவுக்கும் அதே பெயரைத்தான் இட வேண்டும். மறுபுறம், 'மேற்கத்திய மோகம், பெண்களின் ஆடம்பரம்' என்று கலாச்சாரக் காவலர்கள் சாடுகின்றனர். மணமகள் தேவை விளம்பரத்தில் சாதியையும் 'சிவந்த நிறத்தையும்' ஒரே வரியில் கேட்கும் கூட்டம் இது. அவர்களோடு சேர்ந்து நாமும் நகைத்தால், குற்றவாளியை விட்டுவிட்டுக் காயம்பட்டவரைத் தண்டித்தவராவோம். தோழர்களின் வீட்டு மணப்பேச்சில் 'பெண் கொஞ்சம் கறுப்பு' என்ற சொல் எழுவதே இல்லையா என்ன?

மருத்துவத்தின்மீது எனக்குப் பகையில்லை. ஒட்டறுவைக் கலையின் வரலாற்றில் நம் நாட்டுக் கைவினைஞன் ஒருவனுக்கு இடமுண்டு. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட மாட்டு வண்டிக்காரர் ஒருவருக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்த செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதைப் பின்பற்றியே 1814 இல் இலண்டனில் அச்சிகிச்சை செய்யப்பட்டது. மூக்கை இழந்தவனுக்கு மூக்களித்த கலை அது. இன்று அமிலவீச்சில் முகம் கருகிய பெண்களுக்கு அக்கலை கிடைக்கிறதா? 2013 இல் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றும், 2015 இல் தனியார் மருத்துவமனைகளும் ஒட்டறுவை உட்பட முழுச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்க, அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் தொழிலாளி வீட்டுப் பெண் அடுத்த அறுவைக்குத் தேதி கேட்டு நிற்கிறாள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரசுக்குத் தெரியாததன்று. பிறவிக் குறை, காயம், விபத்து ஆகியவற்றுக்கான ஒட்டறுவைக்குச் சரக்கு-சேவை வரி விலக்கு. அழகுக்கான அறுவைக்கு வரி. வரி வசூலிக்கும்போது பார்க்கத் தெரிந்த கண், கண்காணிக்கும்போது மட்டும் மூடிக்கொள்கிறது.

போராடினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. மகன் இல்லையே என்று ஏங்கும் தந்தை, களிம்பு பூசிச் சிவந்து விமானப் பணிப்பெண்ணாகும் மகள் என்று ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் வீடுதோறும் ஓடிக்கொண்டிருந்தபோது, அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002 இல் நிறுவனத்திடமும் தேசிய மனித உரிமை ஆணையத்திடமும் முறையிட்டது. 2003 இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட, அவ்விளம்பரம் நின்றது. 1975 முதல் விற்ற அக்களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்க 2020 வரை ஆயிற்று; சொல் நீங்கியதே தவிரச் சரக்கு நீங்கவில்லை. அன்று களிம்பு காட்டிய விமானக் கனவையே இன்று ஊசி காட்டுகிறது. களிம்பைக் கழுவிவிடலாம்.

சட்டம் சாத்தியமா என்று ஐயுறுவோருக்கு: இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அழகுக்காகப் பொட்டுலினமோ நிரப்பு ஊசியோ போடுவது 2021 அக்டோபர் 1 முதல் குற்றம். சமூக ஊடகப் பிரபலங்கள் அழகு அறுவையை விளம்பரப்படுத்துவதைப் பிரான்ஸ் 2023 இல் தடை செய்தது. இவை முதலாளித்துவ அரசுகள்தாம். நம் நாட்டில் மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளிகளைத் திரட்டுவதை 2002 ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள் தடுக்கின்றன. அவ்விதி மருத்துவரைக் கட்டும். அவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கிளினிக் நிறுவனத்தைக் கட்டாது. அந்த ஓட்டை வழியேதான் இத்தனை விளம்பரப் பலகைகளும் உள்ளே வருகின்றன.

எனவே, பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லாதோர் முகத்தில் ஊசி தொடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு முற்றாகத் தடை விதிக்கவும், கிளினிக் மேசையில் தரப்படும் தவணைக் கடனையும் நிறுவன விளம்பரத்தையும் கட்டுப்படுத்தவும் கோர வேண்டும். வேலை விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்பதைத் தடை செய்யும் கோரிக்கையை வாலிபர் அமைப்பும் தொழிற்சங்கமும் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓட்டல், விமானம், சில்லறை வணிகத் துறைகளில் நம் சங்கப் பணி மெலிந்திருப்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளின் தீக்காய, ஒட்டறுவைப் பிரிவுகளில் காலியிடங்களை நிரப்பும் கோரிக்கை இதனின்று பிரிக்க முடியாதது.

அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது நேர்காணலிலும் வேலை கிடைக்கவில்லை. தவணையில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறாள். அங்கே முகம் யாருக்கும் தெரிவதில்லை, சம்பளமும் குறைவு. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தோற்றத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டப் பெண்கள் அமைப்பு தயாரித்திருக்கும் படிவத்தை முதலில் நிரப்பியவள் அவளே. படிவத்தின் தமிழாக்கம் முடிந்துவிட்டது. கிளைகள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.