செத்தவன் எழுந்தான், ஊர் சிரித்தது!

கதை சொல்வதில் புதுமை எது தோன்றினாலும், "இதெல்லாம் பட்டணத்துக்குச் சரி, பட்டிக்காட்டானுக்கு விளங்குமா?" என்று ஒரு குரல் உடனே எழும். வெங்கட் பிரபு இயக்கிய 'மாநாடு' திரைப்படத்தைப் பற்றி நம் கல்லூரி மரத்தடியில் அண்மையில் நடந்த ஒரு விவாதத்திலும் அக்குரல் எழுந்தது. அன்று நான் சொல்ல நினைத்ததில் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை, மணி அடித்துவிட்டது. மீதியை இம்மலரில் சொல்ல இடம் கிடைத்திருக்கிறது.

படத்தைப் பார்க்காதார் பொருட்டுக் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நண்பனின் திருமணத்துக்கு உதவ விமானத்தில் வந்திறங்கும் அப்துல் காலிக் என்னும் இளைஞனை, தனுஷ்கோடி என்னும் காவல்துறை அதிகாரி மிரட்டி, ஒரு மாநாட்டு மேடையில் முதலமைச்சரைச் சுட வைக்கிறார். சுட்ட மறுகணமே அவனும் சுட்டுக் கொல்லப்படுகிறான். கண் விழித்தால், காலையில் வந்த அதே விமானத்தில் உட்கார்ந்திருக்கிறான். நடந்தது அத்தனையும் அவனுக்கு மட்டும் நினைவிருக்கிறது. அதே நாள் மீண்டும், மீண்டும், மீண்டும். இதைத்தான் 'டைம் லூப்' என்கிறார்கள். நாம் காலச் சுழல் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 1993-இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' இவ்வகைக்குப் பெயர் பெற்ற படம். தமிழில் 'மாநாடு' வெளிவந்ததற்குச் சில நாள்களுக்கு முன்பே 'ஜாங்கோ' என்ற படமும் இதே உத்தியோடு வந்தது. ஆனால் வீடு வீடாக நுழைந்தது 'மாநாடு'தான். (2018-இல் அறிவித்து, 2019-இல் நின்று, பிறகு தொடங்கி, வெளியாவதற்கு முதல் நாளான 2021 நவம்பர் 24 அன்றும் தள்ளிவைப்பதாக அறிவித்து, மறுநாளே வெளிவந்த படம் இது. படமே ஒரு சுழலில் அகப்பட்டுக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றும்!)

சிலம்பரசன் நடித்த காலிக்கை விட, எஸ்.ஜே. சூர்யா நடித்த தனுஷ்கோடியைத்தான் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். கதை பாதி கடந்ததும் அவரும் அதே சுழலில் மாட்டிக்கொள்கிறார். சதி செய்தவருக்கே சதி தொல்லையாகிவிடுகிறது. ஒரே நாளை ஓயாமல் வாழ்ந்து அலுத்துப்போன அவர் அந்த அலுப்பைக் கொட்டித் தீர்க்கும் இடங்களில் சிரிக்காதவர் இல்லை. 'ரிப்பீட்டு' என்ற ஒரு சொல் பேருந்து நிறுத்தத்திலும் உணவு விடுதியிலும் வழங்கலாயிற்று. நம் வகுப்பிலும் பாடத்தை மறுபடி நடத்த வேண்டுமானால் பின் வரிசையிலிருந்து வருவது அச்சொல்தான். ஆசிரியப் பெருமக்கள் மன்னிப்பார்களாக.

நிற்க. முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். கிராமத்தாருக்கு இது விளங்காது என்பவர்கள் எந்தக் கிராமத்தைக் கண்டார்களோ, நான் அறியேன். எங்கள் ஊரில் இப்படம் தொலைக்காட்சியில் வந்த அன்று, எதிர்வீட்டு ஆயாவும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். எழுத்தறியாதவர். காலிக் முதன்முறை செத்து விமானத்தில் கண் விழித்ததும், படித்த பிள்ளைகளாகிய நாங்கள் அவருக்கு விளக்கம் சொல்லப் புறப்பட்டோம். அவரோ, "தெரியுதுடா, செத்தவன் மறுபடி வேஷம் கட்டிக்கினு வந்துட்டான். இந்தத் தபா என்னா பண்றான்னு பாக்கலாம், சும்மா இருங்க" என்றார். காலச் சுழல் என்ற உத்திக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் எங்கும் படித்ததில்லை.

அவருக்கு அது எங்கிருந்து வந்தது? கூத்திலிருந்து வந்தது என்பது என் துணிபு. உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பதை நாம் அறிவோம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசையும் செய்யாற்றுப் பக்கத்து ஊர்தான். அங்கெல்லாம் கதை எவருக்கும் புதிதன்று. திரௌபதியின் துகில் உரியப்படும்; அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான்; கர்ணன் மாள்வான். போன முறையும் மாண்டான், இம்முறையும் மாள்வான். 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்க அங்கே ஒருவரும் உட்காருவதில்லை. 'இந்த வேடக்காரர் இம்முறை எப்படிச் செய்கிறார்?' என்பதற்காகவே விடிய விடியக் கண் விழிக்கிறார்கள். கர்ணன் சாகும்போது பெண்கள் உண்மையாகவே அழுகிறார்கள். அதே இரவில் கட்டியக்காரன் ராஜாவின் முகத்துக்கு எதிரேயே அவரைக் கேலி செய்யும்போது அவர்களே வயிறு குலுங்கச் சிரிக்கவும் செய்கிறார்கள்.

படுகளத்தன்று காலை போய்ப் பாருங்கள். களத்தில் துரியோதனனின் மண்ணுருவம் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீண்டு கிடக்கும். பீமன் வேடக்காரர் கதையோடு துரத்த, துரியோதனன் வேடக்காரர் அவ்வுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். சிறுவர்கள் பின்னால் ஓடிக் கூச்சலிடுவார்கள், பெரியவர்களும் சிரிப்பார்கள். சற்று நேரத்தில் தொடை பிளக்கும், செந்நீர் கொட்டும், திரௌபதி கூந்தலை முடிப்பாள். அப்போது அதே கூட்டம் கைகூப்பி நிற்கும். சிரித்த வாய்க்கும் கூப்பிய கைக்கும் இடையே அவர்களுக்கு ஒரு முரணும் தோன்றுவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவரே இதைச் சொன்னார். "ஒரு முஸ்லிம் இளைஞன் மீது கொலைப் பழியைச் சுமத்தி, அதைக் கொண்டு மதக் கலவரம் மூட்டத் திட்டமிடுகிறார்கள். படத்தின் பொருள் அது. நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள்? வில்லன் அலுத்துக்கொள்வதை வெட்டி எடுத்துக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்கள். கலவரம் போய்விட்டது, வேடிக்கை நின்றுவிட்டது" என்றார்.

வெட்டி எடுத்த துண்டுகளைப் பற்றி அவர் கூறியதை நான் ஒப்புக்கொள்கிறேன். அரை நிமிடத் துண்டில் சுழல் இருக்காது. முன்பு பத்து முறை நடந்தது தெரிந்தால்தானே பதினோராம் முறையின் அலுப்பு விளங்கும்? துண்டை மட்டும் பார்த்தவன் கட்டியக்காரனை மட்டும் பார்த்துவிட்டுக் கூத்துக் கொட்டகையிலிருந்து எழுந்து போனவன். ஆனால் படத்தை முழுதாகப் பார்த்துச் சிரித்தவர்களையும் அக்கூட்டத்தில் சேர்ப்பது நியாயமன்று. அவர்கள் எவரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். சாகும் காலிக்கைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரமும் துப்பாக்கியும் ஆள்படையும் கையில் இருந்தும், நிராயுதபாணியான ஒருவனை வெல்ல முடியாமல் விழிக்கும் அதிகாரியைப் பார்த்தே சிரித்தார்கள். அதிகாரம் தடுமாறும்போது எளியவன் சிரிப்பதில் என்ன பிழை?

இன்னொரு கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 'ஸ்டார்கேட்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் 2000-ஆம் ஆண்டில் ஒரு பகுதி காலச் சுழலை வைத்து வந்தது. ஓ'நீல் என்ற படைத்தலைவரும் டீல்க் என்ற அவருடைய தோழரும் ஒரே நாளில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்தாலும் நாள் மறுபடி பிறக்கும் என்று தெரிந்ததும் குறும்பு தலைதூக்குகிறது. விண்மீன்களுக்குச் செல்லும் மாபெரும் வாயிலுக்குள் கோல்ஃப் பந்தை அடித்து விளையாடுகிறார்கள்! அத்தொடரின் சுவைஞர்கள் இன்றும் கொண்டாடுகிற பகுதி இது. ஆனால் அச்சுழலை உண்டாக்கியவன் யார்? இறந்துபோன மனைவியை மீண்டும் காணத் துடிக்கும் ஓர் ஆராய்ச்சியாளன். அவனைத் தடுக்கும் ஓ'நீலோ மகனைப் பறிகொடுத்த தந்தை. அந்தச் சாவை இன்னொரு முறை என்னால் வாழ முடியாது என்னும் பொருளில் அவர் பேசும்போது, அதுவரை சிரித்த நமக்குத் தொண்டை அடைக்கிறது. கோல்ஃப் பந்தை அடிக்காமல் நேரே அத்துயரத்துக்கு வந்திருந்தால் இத்தனை அடைத்திருக்குமா? எனக்கு ஐயமே.

'மாநாடு' படத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. கலவரத்தின் நடுவே, உச்சயினியில் காலபைரவர் கோயிலில் பிறந்தவன் காலிக் என்று தெரியவருகிறது. காலத்தின் தெய்வம் ஒரு முஸ்லிம் குழந்தைக்கு அளித்த கொடைதான் இச்சுழல் என்பது கதை. அறிவியல் படிக்கும் நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். எனக்கும் அது அறிவியலாகப் படவில்லை. எனினும், எவன் பெயரைச் சொல்லி ஊரைக் கொளுத்தத் திட்டமிட்டார்களோ, அவனையே ஊரைக் காப்பவனாக நிறுத்திவிட்டார்கள் அல்லவா? தோட்டாவும் தொப்பியுமாகவே முஸ்லிமைக் காட்டிப் பழகிய திரையில் இது சிறிய காரியம் அன்று.

விவாதத்தின் இடையே வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் நம் ஊர்க் கல்வெட்டை இழுத்தார். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிப்படி, வாரியப் பதவியில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு மீண்டும் வர இயலாது. "உத்திரமேரூரில் 'ரிப்பீட்டு' தடை செய்யப்பட்டு ஆயிரத்து நூறு ஆண்டாகிறது" என்றார் அவர். பேராசிரியரும் சிரித்துவிட்டார்.

எங்கள் குழுவில் முஸ்லிம் நண்பன் ஒருவன் உண்டு. அதுவரை அவன் வாய் திறக்கவில்லை. 'உனக்கு எந்த இடம் பிடித்தது?' என்று கேட்டேன். சண்டையைச் சொல்வான், அல்லது தனுஷ்கோடியைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "ஒவ்வொரு தடவையும் விமானத்தில் கண் விழிக்கிறானே, அந்த இடம்" என்றான். "நம்ம பேர் வைத்தவன் முதல் தடவை சுடப்பட்டதும், கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுபடி எழுந்துவிட்டான். வீட்டில் எல்லாரும் கை தட்டினோம்."