அப்பாவின் காரில் ஒரு பாட்டு

அப்பாவின் 1972 எம்.ஜி.பி. காரில் மின்னல் எஃப்.எம். தெளிவாகக் கேட்கும், எஞ்சினை முடுக்கும் வரை. முடுக்கியதும் ‘டிக் டிக்’ சத்தம் பாட்டை விழுங்கிவிடும். “பாட்டுக் கேட்காத காரை வச்சு என்ன செய்ய? வித்துடலாம்பா” என்றார் ஒருநாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

முதலில் காதைத் தீட்டினேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த, டிக் டிக் வேகமானது. அப்படியென்றால் கோளாறு ஸ்பார்க் பிளக் பக்கம். விசில் போல இழுத்திருந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அடுத்து, ரேடியோவிலிருந்து ஏரியல் வயரைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. ஆக, அது பேட்டரி வயர் வழியாக வரவில்லை, ஏரியல் வழியாக வருகிறது.

ஏரியலின் அடியில் பெயிண்டும் துருவும். உலோகம் தெரியச் சுரண்டி, நன்றாக எர்த் ஆகும்படி இறுக்கினேன். பாதி குறைந்தது. பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பி. ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர்களாக மாற்றினேன். மீதியும் அடங்கியது.

உங்களிடமும் பழைய கார் இருந்தால் இரண்டு விஷயம். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பார்க்காமல் புது ரேடியோ பொருத்தினால் புகைந்துவிடும். ஃபைபர்கிளாஸ் பாடி இந்த இரைச்சலைத் தடுக்காது. அதனால்தான் ரேடியோ வைத்த பழைய கோர்வெட் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உலோக மூடி போட்டார்கள்.

போன ஞாயிறு போர்ட்டிக்சன் வரை போனோம். அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். விற்கும் பேச்சையே எடுக்கவில்லை.