உறுப்பினரிடம் எதைக் கேட்கிறோம்?



நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மஹல்லாவிற்கு வந்தால் எதைக் கேட்கிறோம்? தெருவிற்கு விளக்கு, கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர், பிள்ளைக்குக் கல்லூரியில் ஓர் இடம். இவற்றுள் பல, நகராட்சியும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை. 1993 டிசம்பரில் தொகுதி மேம்பாட்டு நிதி ஏற்பட்ட பின் இவ்வழக்கம் மேலும் வேரூன்றிவிட்டது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் கொண்ட அந்நிதியிலும் உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்யலாம். பணியை நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். கல்வெட்டில் மட்டும் அவர் பெயர் பெரிதாக இருக்கும்!

அவரை நாம் தில்லிக்கு அனுப்பியது வேறு பணிக்காக. சட்டம் இயற்றுதல், அரசின் செலவினத்தை ஆராய்ந்து அனுமதித்தல், அமைச்சர்களைக் கேள்வி கேட்டல் ஆகியவையே அப்பணி. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்பது அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. கேட்பார் இல்லையெனில் அப்பொறுப்பு ஏட்டளவில் நின்றுவிடும். ஒரு கேள்வியால் என்ன விளையும் என்கிறீர்களா? சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதை, 2022 டிசம்பரில் மக்களவையில் ஓர் உறுப்பினரின் வினாவிற்கு அளித்த விடையில்தான் அரசு தெரிவித்தது.

அமைச்சரல்லாத உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். அதற்கென ஒதுக்கப்பட்ட நேரம் வெள்ளிக்கிழமைப் பிற்பகல். நாம் ஜும்ஆ முடித்து இல்லம் திரும்பும் வேளை. இவ்வாறு வந்தவற்றுள் 1952-க்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே. 1970-க்குப் பின் ஒன்றுகூட இல்லை. அந்த 14-இல் முதலாவது எது தெரியுமா? செய்யிது முஹம்மது அஹ்மது காஸ்மி 1952-இல் முன்வைத்த வக்பு மசோதாதான். 1954-இல் அது சட்டமாயிற்று. வக்பு சொத்துக்களை அளந்து கணக்கெடுக்கவும், பதிவேடு வைக்கவும், முத்தவல்லிகள் வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்கவும் அச்சட்டம் வழி செய்தது. அமைச்சர் பதவி எதுவுமின்றி ஓர் உறுப்பினர் செய்த காரியம் இது.

அதன் இடத்தில் 1995-இல் வேறு சட்டம் வந்தது. அதனைப் பெரிதும் மாற்றிய திருத்த மசோதா, 2025 ஏப்ரல் 3 அதிகாலையில், 288 பேர் ஆதரிக்க, 232 பேர் எதிர்க்க, மக்களவையில் நிறைவேறியது. நம்மில் பலர் அன்றிரவு கண்விழித்திருந்தோம். ஆயினும் நம் உறுப்பினர் அவ்விவாதத்தில் பேசினாரா, திருத்தம் ஏதும் முன்மொழிந்தாரா என்று அவரிடம் கேட்டவர் எத்தனை பேர்?

வாக்கைக் கொண்டு மட்டும் அவரை அளப்பது நியாயமன்று. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். ஆனால் வினா எழுப்புவதற்கோ, அவைக்கு ஒழுங்காகச் செல்வதற்கோ அச்சட்டம் தடையன்று.

வாக்கு ஓர் அமானிதம் என்று தேர்தல் காலத்து மிம்பர்களில் கேட்கிறோம். அமானிதத்தை ஒப்படைத்தவர் இடையிடையே கணக்குக் கேட்பதும் முறைதானே? உறுப்பினர் எழுப்பிய வினாக்களும் அவர் பேசிய பேச்சுகளும் மக்களவையின் இணையதளத்தில் உள்ளன. கல்லூரியில் பயிலும் மகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவாள்.