வரி வாசலைத் தாண்டும், குப்பை லாரி தாண்டாதா?



ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள் ஒன்றும் ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்றுமாக, மாவட்ட மன்றத்தின் மதிப்பீட்டு வரிச் சீட்டு நம் மேசைக்கு வருகிறது. பேராக் மாநிலத்தில் ஒரு கித்தாத் தோட்டத்து ஆப்பீஸில் நாம் கிராணி வேலை பார்க்கிறோம். சீட்டைப் புத்தகத்தில் பதிந்து, வவுச்சர் எழுதி, மானேஜரின் கையெழுத்தை வாங்கி, காசோலையை உறையிலிட்டு அனுப்புவது நம் வேலை. நமக்குத் தெரிந்து ஒரு தவணையும் தவறியதில்லை. தவறினால் அபராதம் சேர்த்து மறு சீட்டு வந்துவிடும். ஆகவே நமது தோட்டம் எங்கே இருக்கிறது, அதற்குப் போகும் வழி எது, அங்கே எத்தனை கட்டடங்கள் நிற்கின்றன என்பதெல்லாம் மன்றத்துக்கு மிக நன்றாகத் தெரியும்.

மன்றத்தின் குப்பை லாரிக்கு மட்டும் தெரியாது!

பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தாமான் இருக்கிறது. முன்பு அதுவும் நமது தோட்டத்து நிலந்தான். பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. அந்தத் தாமானுக்கு லாரி ஒழுங்காக வருகிறது. சாலை விளக்கு எரிகிறது. கால்வாயில் புல் முளைத்தால் ஆள் வந்து வெட்டுகிறான். தாமான் மக்களுக்கு இவை கிடைப்பதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர்களிலே பாதிப்பேர் நமது லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். நமது வருத்தம் வேறு. அந்த லாரி தாமானைச் சுற்றி முடித்துத் திரும்புகிற இடம் நமது தோட்டத்து வாசல்! வாசலுக்கு முன்னால் வந்து, பின்பக்கமாக வளைந்து, மீண்டும் டவுனை நோக்கிப் போய்விடுகிறது. நமது செம்மண் சாலையில் அதன் சக்கரம் பட்டதே இல்லை.

லயத்துக் குப்பை என்ன ஆகிறது? முன்னாட்களில் வாசக்கூட்டி ஒருவர் இருந்தார். காலையில் தள்ளுவண்டியோடு வந்து வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்டு போய்க் குழியில் கொட்டி மூடுவார். அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நிர்வாகம் வேறு ஆள் போடவில்லை. ரப்பர் விலை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். (ரப்பர் விலை சரியாயிருந்த நாளைத் தோட்ட நிர்வாகத்தின் வாயால் கேட்டவர் எவரேனும் இருந்தால் இப்பத்திரிகைக்கு எழுதித் தெரிவிக்கட்டும்.) இப்போது குழி நிரம்பி, குழிக்குப் பக்கத்திலும் நிரம்பி, ஆயாக்கொட்டகையின் பின்புறம் வரையில் குப்பை வந்துவிட்டது. வெயில் காலத்தில் கொளுத்துகிறார்கள். மழைக்காலத்தில் கொளுத்தவும் முடியாது. தகரத்திலும் தேங்காய் ஓட்டிலும் நீர் தேங்குகிறது.

நீர் தேங்கினால் கொசு வரும். கொசு வந்தால் டிங்கிக் காய்ச்சல் வரும். வந்தது. கடந்த மழைக்காலத்தில் ஒரே வரிசையில் நான்கு வீட்டில் ஆட்கள் படுத்தார்கள். அந்த மாதத்தில் தாமானுக்குக் கொசுமருந்துப் புகை இரண்டு முறை அடிக்கப்பட்டது. புகை அடிக்கிற இயந்திரத்தின் இரைச்சலை நாம் ஆப்பீஸிலிருந்தே கேட்டோம். அந்தப் பிள்ளைகளிடம் ஓடிப்போய், "தம்பி, நம்ம லயத்துக்கும் வந்து அடிச்சிட்டுப் போங்கப்பா" என்று கேட்டோம். "ஐயா, எங்களுக்குக் கொடுத்த பட்டியல்லே தோட்டம் இல்லே. அது தனியார் நிலம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கூலிக்கு வந்தவர்கள்.

பிறகு நடந்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். இம்முறை வாசலில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தார்கள். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுக்குமேல் இதே தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் வைத்திருந்த ஜாடியில் புழு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். 500 வெள்ளிக்கு அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. அரசாங்கம் ஏதோ உதவிப் பணம் அனுப்பியிருக்கிறதென்று நினைத்து, "கிராணி ஐயா, இது எந்த பேங்கிலே மாத்தணும்?" என்று நம்மிடம் கொண்டுவந்து நீட்டினார்.

நாம் கேட்கிறோம்: அன்றைக்குத் தனியார் நிலம் என்ற பேச்சு எங்கே போயிற்று?

சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம், எவருடைய இடமானாலும் உள்ளே நுழைந்து சோதனை செய்ய அதிகாரிகளுக்கு உரிமை தருகிறது. அது நல்ல சட்டமே. சுகாதார இலாகா வேறு, மாவட்ட மன்றம் வேறு என்று நமக்குப் பாடம் நடத்துவார்கள். அதுவும் சரியே. ஆனால் லயத்தில் இருக்கிற பாட்டிக்கு இரண்டும் ஒரே சர்க்கார்தான். தண்டிக்க வரும்போது அந்தச் சர்க்காருக்கு வழி தெரிகிறது, குப்பையை அள்ள வரும்போது வழி தெரியவில்லை. இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நமது கிளையின் சார்பில் மன்றத்துக்குக் கடிதம் எழுதினோம். பதில் வந்தது. தோட்டம் தனியார் சொத்தாம். தோட்டத்துச் சாலை பொதுச் சாலையாகப் பதிவாகவில்லையாம். குடியிருப்பின் வசதி 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பாம். அந்தப் பதிலை மானேஜரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "வரி கட்டுகிறோமே, பிறகு மன்றம் எதற்கு?" என்றார். பந்து அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. உதைபடுவது மட்டும் லயம்!

இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் முதலாளிமீது கடமை சுமத்துவது உண்மை. குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீடுகளின் பழுது பார்ப்பு ஆகியவை முதலாளியின் தலையில்தான். வாசக்கூட்டியை நிறுத்திய நிர்வாகத்தை இதிலிருந்து விடுவிக்க நாம் வரவில்லை. அதற்குத் தொழிலாளர் இலாகாவில் தனிப் புகார் போயிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. பேர் வெட்டப்பட்டு, ஓய்வு பெற்று, போக்கிடமில்லாமல் லயத்திலேயே தங்கிவிட்ட பாட்டியை அது எந்தக் கணக்கில் வைக்கிறது? அவர் முதலாளிக்குத் தொழிலாளி இல்லை. மன்றத்துக்குக் குடியிருப்பாளரும் இல்லை. அப்படியானால் அவர் யார்?

மன்றத்தின் பக்கத்துக்கு வருவோம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ்தான் நமது மன்றம் நடக்கிறது. குப்பை அகற்றும் சேவையை ஏற்படுத்த அது மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் என்றுதான் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. நாம் ஒளிக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 80ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மன்றத்தின் எல்லைக்குள் பொதுமக்களுக்குத் தொல்லையாகும் சுகாதாரக் கேடுகளை அகற்ற ஒவ்வொரு மன்றமும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. எங்கே? பொது இடத்திலும், தனியார் இடத்திலும்! தனியார் இடம் என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு வீட்டில் காய்ச்சல் வந்தது சுகாதாரக் கேடு இல்லையென்றால் வேறு எது? கொசுவுக்குச் சாலையைக் கடக்க எவருடைய அனுமதியும் வேண்டாமே. தாமானுக்கு அடித்த புகை வீணாய்ப் போனதும் அதனால்தான்.

இந்த நிலை இன்று நேற்று வந்ததல்ல. அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு, காட்டோரத்துச் சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்து முள்வேலி போட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாய்ச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலி இரண்டும் ஒரே கம்பிதான். ஆனால் 1952இல் ஊராட்சி மன்றச் சட்டம் வந்தபோது, புதுக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் வாக்களித்துத் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விளக்கு, கால்வாய், சந்தைக் கட்டடம் பற்றித் தாங்களே கூடிப் பேசினார்கள். தோட்டத்திலோ துரை வைத்ததே சட்டம் என்று தொடர்ந்தது. வேலி போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாசலுக்குள் இருப்பது துரையின் வீட்டு விவகாரம் என்று அன்றைக்கு விழுந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

பட்டணத்து மன்றங்களில் ஒரு காலத்தில் உயிர் இருந்தது. ஜார்ஜ் டவுன் 1957இல் மாநகரானபோது அதன் முதல் மேயராக வந்தவர் டி. எஸ். இராமநாதன். தொழிற்கட்சியைச் சேர்ந்த தமிழர். குப்பைக்கும் கால்வாய்க்கும் அன்று வாக்கு மதிப்பு இருந்தது. 1965 மார்ச்சு முதல் தேதி அதற்கு முடிவு வந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966இல் அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் கமிஷன் மேற்கு மலேசியா முழுவதும் விசாரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். 2012இல் பினாங்கு மாநிலம் தேர்தல் நடத்தத் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்த்துவிட்டது.

ஆக, இன்று மன்றத்தில் உட்காருகிறவர்களை மாநில அரசு நியமிக்கிறது. தலைவரைத் தவிர எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்துநாலு பேருக்கு மேற்படாமலும் இருக்கலாம். ஒரு நியமனம் மூன்றாண்டுக்கு மேல் இல்லை. எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி என்று பங்கு பிரித்த பிறகுதான் பெயர் எழுதுகிறார்கள் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நமது வட்டாரத்துக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம் வந்தார். அரிசி, எண்ணெய், முறுக்கு மாவு அடங்கிய பைகளைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். குப்பைக் குழியைக் காட்டுகிறோம் வாருங்கள் என்றோம். அடுத்த தோட்டத்தில் நேரமாகிறது என்றார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பையை வாங்க வரிசையில் நின்றவர்களில் நம் வீட்டாரும் உண்டு. "குப்பையைப் பத்தி இன்னைக்குக் கேட்காதீங்க, அடுத்த வருஷம் பை வராது" என்று நம்மை இழுத்துப் பிடித்தவர் நமது கோயில் கமிட்டிக்காரர். குழி இருக்கிறது என்று தெரிந்தும் கால்வாயில் கொட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. புதிதாக வந்திருக்கிற வங்காளதேசத் தோழர்களும் இந்தோனேசியத் தோழர்களும்தான் கொட்டுகிறார்கள் என்று பழி போடுவது எளிது. நாம் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது கண்ணால் கண்டது வேறு. கிராணிமாருக்குத் தனிச் சங்கம், பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தனிச் சங்கம் என்று நாமும் பிரிந்துதான் இருக்கிறோம். கால்வாய் நாற்றமோ சங்கம் பார்த்து வருவதில்லை.

இதற்காக நாம் கேட்பது பெரிய காரியமா? லாரி செம்மண் சாலையில் வர வேண்டாம். சாலை பொதுச் சாலையாகும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். வாசலுக்கு வெளியே, பெரிய சாலையோரத்தில், லாரி வளைந்து திரும்புகிற அதே இடத்தில், ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வைத்தால் போதும். லயத்திலிருந்து அதுவரை கொண்டுவந்து போடுவது நமது பொறுப்பு. நிர்வாகத்தின் டிராக்டரை வாரத்துக்கு இரண்டு நாள் கேட்டிருக்கிறோம். மானேஜர் இல்லையென்று சொல்லவில்லை. அதே முனையில் ஒரு விளக்குக் கம்பமும் வேண்டும். விடியற்காலை ஐந்து மணி இருட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் பால்வெட்டுப் பெண்கள் அந்த வளைவில்தான் சறுக்கி விழுகிறார்கள். பாட்டியின் அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் தனியே மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மன்றத்தின் முழுக் கூட்டம் மாதந்தோறும் கூடுகிறது. உட்குழுக் கூட்டங்கள் அப்படியில்லை என்றாலும், முழுக் கூட்டம் பொதுமக்கள் வந்து கேட்பதற்குத் திறந்தது என்று சட்டமே சொல்கிறது. அங்கே நமக்குப் பேச உரிமை இல்லை, உட்கார உரிமை உண்டு. இதுவரை எந்தத் தோட்டத்திலிருந்தும் எவரும் வந்து உட்கார்ந்ததாக அங்குள்ள குமாஸ்தாவுக்கு நினைவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நமது கிளையிலிருந்து பன்னிரண்டு பேர் போகிறோம். கிராணிமார் இருவர், பால்வெட்டு எட்டுப் பேர், பாட்டி ஒருவர், டிராக்டர் டிரைவர் ஒருவர். கடந்த ஐந்தாண்டு வரிச் சீட்டுகளின் நகல்களும், கொடுத்த கடிதமும், வந்த பதிலும் நம் பையில் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிளைகள் வர விரும்பினால் தங்கள் தோட்டத்துச் சீட்டுகளைக் கொண்டுவரட்டும். ஆப்பீஸ் பீரோவில் இரண்டாவது தட்டில், நீல அட்டைக் கோப்பில் இருக்கும். அந்தத் தோட்டத்துக் கிராணியைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.