பல்லில் அடைத்தது என்ன?

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு திரும்புவோர் பலர், எதனால் அடைத்தார்கள் என்பதை அறியார். பல்லாண்டு வாயில் தங்கும் பொருளின் பெயரை அறிவது நோயாளியின் உரிமை.

வெள்ளி நிற அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். ஆயினும் மெல்லும் விசையை நெடுங்காலம் தாங்கும். பல்நிறக் காம்போசிட் அழகியது. ஆனால் இறுகும்போது சற்றே சுருங்கும், அடைக்கையில் ஈரம் படலாகாது. கிளாஸ் அயனோமர் பல்லோடு தானே ஒட்டி ஃபுளோரைடை வெளியிடும். எனினும் விரைவில் தேயும். எல்லார்க்கும் ஏற்றது என ஒன்றில்லை.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதினாலன்றி, 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோர்க்கு அமால்கம் வேண்டாம் என 2022-இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. அதற்காக, நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பை அச்சத்தால் பெயர்த்தெடுப்பது தவறு; பெயர்க்கும்போது பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும்.

கோரிமேட்டு அரசு பல் மருத்துவ நிறுவனமாயினும், தெருமுனைக் கிளினிக்காயினும், சிகிச்சைக்கு முன்பே பொருளின் பெயரையும் அதைத் தேர்ந்த காரணத்தையும் கேளுங்கள். நோயாளி தயங்கினால் உடன் வந்தவர் கேட்கலாம். விடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவருக்கு அதுவே வழிகாட்டி.