'வெள்ளைக்காரங்க நோய்' – இந்த நினைப்பை விட்டுடலாமே

குழந்தைக்கு முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதுன்னு ஒரு அம்மா சொன்னா, சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. கூடவே அடிக்கடி நிமோனியா, எண்ணெய்ப் பசையோட மலம், நல்லா சாப்பிட்டும் எடை ஏறாதது இதெல்லாம் இருந்தா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை நினைக்கணும். ஒரு சின்ன த்ரெட் 👇

1) "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றது, நம்மூர்ல ஏது?" டாக்டர்களே இப்படிச் சொல்றதுண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இது அதிகம் என்பது உண்மை. மற்றவர்களுக்கு வராது என்பது உண்மையில்லை. இந்தியக் குழந்தைகளுக்கும் வருது.

2) 7-வது குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்று ஒரு ஜீன். செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு போய்வர ஒரு வாசலை உருவாக்கும். அது பழுதானா நுரையீரல், கணையத்தில் சளி கோந்து மாதிரி கெட்டியாகிடும். அப்பா, அம்மா இரண்டு பேர்கிட்டயிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தா அந்த வாய்ப்பு கூடும்.

3) 1989-ல் இந்த ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. இதுவரை தெரிந்த மாற்றங்கள் 2000-க்கும் மேல். ஆனா எல்லா ஊர்லயும் ஒரே மாற்றம் இல்லை. டென்மார்க் நோயாளிகளிடம் பெரும்பாலும் எஃப்508டெல். துருக்கியில் அது ரொம்பக் குறைவு. அஷ்கெனாசி யூதர்களிடம் டபிள்யூ1282எக்ஸ் அதிகம். இந்திய நோயாளிகளிடமும் எஃப்508டெல் இருக்கு, வட ஐரோப்பா அளவுக்கு இல்லை.

4) சிக்கல் இங்கதான். அமெரிக்காவில் பல வருஷம் 23 மாற்றங்களை மட்டும் தேடும் டெஸ்ட் பயன்பாட்டில் இருந்தது. பழுதான ஜீன் உள்ள 100 அஷ்கெனாசி யூதர்களில் 94 பேரை அது பிடிக்கும். வெள்ளையர்களில் 88. கறுப்பினத்தவரில் 64. ஆசியர்களில் வெறும் 49! யாருடைய ரத்தத்தை வச்சு பட்டியல் போட்டாங்களோ, அவங்களுக்குத்தான் அது நல்லா வேலை செய்யும். 2023-ல் பரிந்துரைப் பட்டியல் 100 மாற்றங்களாக நீண்டது. நல்லது, ஆனா லேட்.

5) அதனால, ஜீன் டெஸ்ட் 'நெகட்டிவ்'னு வந்தா "தேடினது கிடைக்கலை"னுதான் அர்த்தம். "நோய் இல்லை"னு இல்லை. எத்தனை மாற்றங்களைத் தேடினாங்கன்னு தைரியமா கேளுங்க.

6) வியர்வை டெஸ்ட்டுக்கு இனம், நாடு தெரியாது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தா நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அறிகுறி இருந்தா முதல்ல இதைக் கேளுங்க. தேவைப்பட்டா முழு ஜீனையும் படிச்சுப் பார்க்கணும்.

7) 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை பலருடைய வாழ்க்கையையே மாத்திடுச்சு. முதலில் யாருக்கு? எஃப்508டெல் உள்ளவங்களுக்கு. டெஸ்ட்டில் பின்தங்கியவங்க மருந்திலும் பின்தங்கினாங்க.

என் கருத்து இதுதான்: நோயாளியின் நிறத்தைப் பார்த்து நோயை முடிவு பண்ணாதீங்க. உப்புக் கரிக்குதுன்னு சொல்ற அம்மாவை நம்புங்க. 🙏